என் மாமியாரின் முகமும் ஒரு மாவுப் பொட்டலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் கைப்பேசி கொண்டுவந்திருக்கும் மாற்றங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசி சரிதான். கடைசிப் பத்தியோடுதான் எனக்கு வழக்கு. கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, அதனால்தான் இணைய மோசடிக்காரர்களிடம் சிக்குகிறார்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டுகிற 'டிஜிட்டல் கைது' மோசடிக்குப் பயந்து, கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து சேமிப்பையெல்லாம் அனுப்பிவைத்த பெரிய உத்தியோகஸ்தர்களைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியும் எத்தனையோ செய்திகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. ஏமாந்த அவர்கள் யாரும் எங்களைப் போலக் களத்தில் நெல் தூற்றுகிறவர்கள் அல்லர். படித்தவர் ஏமாந்தால் மோசடியின் சாமர்த்தியத்தைப் பேசுகிறோம். நாங்கள் ஏமாந்தால் எங்கள் அறியாமையைப் பேசுகிறோம். எங்கள் பக்கத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் பத்து மா நிலத்தில் பயிர் செய்கிறேன். குறுவையில் பூங்கார், சம்பாவில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும். இந்த நெல்லெல்லாம் எங்கள் பகுதிக்குத் திரும்பி வந்ததற்குக் கைப்பேசி காரணமில்லை. இயற்கை வேளாண்மைக்கு வழிகாட்டிய நம்மாழ்வார் ஐயாவின் வழியில் நடந்த நெல் ஜெயராமன் 2006-இல் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாதான் காரணம். 2 கிலோ விதைநெல் வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. யார், எந்த ஊர், என்ன ரகம் என்று கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்படிக் கைமாறிக் கைமாறியே 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் பிழைத்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். மரபு நெல் பாதுகாப்புக்கான அரசுத் திட்டத்துக்கு 2021-இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

கைப்பேசி அதற்குப் பிறகு வந்து சேர்ந்த கூட்டாளி. அதன் உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் மரபு நெல்லை விளைவித்துவிட்டு, அதை அரைத்துத் தர மில் தேடுவதற்குள்ளும் வாங்க ஆள் தேடுவதற்குள்ளும் அடுத்த பட்டமே வந்துவிடும். இப்போது எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலுமாகச் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கைக்குத்தல் அரிசி, அவல், புழுங்கல் என்று எது தயார் என்றாலும் படம் போட்டுவிட்டால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறோம்.

விற்பனையைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. மரபு நெல்லில் பெரிய தலைவலி கலவன். விதையில் வேறு ரகம் நாலு மணி கலந்திருந்தாலும் மூன்று பட்டத்தில் வயலே வேறாகிவிடும். தூரின் அடித்தண்டு பச்சையா ஊதாவா, கணுவில் நிறம் ஏறியிருக்கிறதா, கதிர் வந்தபின் மணியின் நுனியில் வால் இருக்கிறதா என்று வரப்போரமாக நடந்து பார்த்துக் கலவனைப் பிடுங்க வேண்டும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கை காட்ட வேண்டும். வேதாரண்யம் பக்கத்தில் உப்பு ஏறிய நிலத்தில் குழியடிச்சான் போட்டிருக்கும் ஒரு பெண், தூரைப் பிடுங்கி வேரோடு படம் எடுத்துக் குழுவில் போடுகிறார். என் மாமியார் வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசித் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இது அது இல்லை, பிடுங்கிப் போடச் சொல்" என்கிறார். நான் அதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். பல மைல் தள்ளி ஒரு வயலில் கலவன் குறைகிறது. 2018-இல் அரசு வெளியிட்ட உழவன் செயலியில் மானியமும் வானிலையும் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் இந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

இனி அந்த மாமியாரின் கதைக்கு வருகிறேன்.

அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. விதைக்கோட்டை கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது அவரோடு சேர்த்து மிகச் சிலரே. வைக்கோலைப் பிரியாகத் திரித்து, உருண்டையாகச் சுற்றி, உள்ளே விதைநெல்லை வைத்து இறுக்கி, மேலே சாணம் மெழுகிக் காயவைப்பது விதைக்கோட்டை. உள்ளே போகும் நெல்லை முதலில் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால்தான் காய்ந்தது. நசுங்கினால் மறுபடி வெயிலுக்குப் போகும். நொச்சி இலை எவ்வளவு, வசம்பு எவ்வளவு என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும், எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

யூடியூபில் வேளாண்மை பற்றிப் போடும் ஓர் இளைஞர் வந்து இதைப் படம் பிடித்தார். மரியாதையான பிள்ளை. தொடக்கத்திலேயே என் மாமியாரின் பெயர், ஊர், வட்டம், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆரம்பித்தார். நன்றாக ஓடியது. சில வாரங்களில் வேறொரு பக்கம் அதை வெட்டி, பெயரும் ஊரும் வரும் முதல் பகுதியை எடுத்துவிட்டு, பாட்டு ஒன்றைச் சேர்த்து, 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று தலைப்புப் போட்டது. பார்த்தோம், சிரித்தோம், விட்டுவிட்டோம். மூன்றாவதாக ஒருவன் வந்தான். அவன் நெல்லையும் எடுத்துவிட்டான். முகம் மட்டும் மிஞ்சியது. செயற்கை நுண்ணறிவுக் குரல் ஒன்றைப் பொருத்தி, கருப்புக் கவுனி மாவில் ஏதோ மூலிகையைக் கலந்து மூன்று வாரம் குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று என் மாமியாரைப் பேசவைத்துவிட்டான். பொட்டலம் 499 ரூபாய். தஞ்சைப் பக்கத்துக் கிழவி வாயைத் திறந்தால் "ஏனுங்க, கேளுங்க" என்று கொங்கு நாட்டுப் பேச்சு வருகிறது! அத்தையிடம் காட்டினேன். "நான் எப்போது மாவு விற்றேன்? எனக்கே சர்க்கரை இருக்கிறதே" என்றார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. பட்டுக்கோட்டையில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அத்தையின் முகத்தைப் பார்த்து நம்பிக் காசு கட்டியிருக்கிறாள். வந்தது தவிட்டு நிறத்தில் ஏதோ ஒரு பொடி. அது போகட்டும். ஒரு வாரம் கழித்து, பொட்டலம் வாங்கியவர்களுக்கான குலுக்கலில் அவளுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரி மட்டும் கட்டினால் போதும் என்று போன் வந்திருக்கிறது. பெயர், முகவரி, என்ன வாங்கினாள் என்பதெல்லாம் சரியாகச் சொல்கிறான். ஏன் நம்பமாட்டாள்? மாவு விற்றது தூண்டில் முள்தான். அவர்களுக்கு வேண்டியது சர்க்கரை நோயாளிகளின் கைப்பேசி எண்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டமே தடைசெய்கிறது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒருவரின் உருவத்தை மாற்றிப் பயன்படுத்தியிருப்பதாக அவரே புகார் செய்தால் மிகக் குறுகிய நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதிகள் சொல்கின்றன. எல்லாம் இருக்கிறது. காணொலித் தளத்தின் புகார்ப் படிவம்தான் ஆங்கிலத்தில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளை வைத்து நிரப்பி அனுப்பினோம். 'எங்கள் சமூக நெறிமுறைகளை இந்தக் காணொலி மீறவில்லை' என்று இயந்திரம் பதில் போட்டது. காவல் நிலையத்தில் மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, பணம் இழந்த பெண் அல்லவா வந்து புகார் தர வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று வரமாட்டேன் என்கிறாள். முகத்தை இழந்தவரின் புகாரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் காணொலியில் பெயரும் ஊரும் இருந்தன. இரண்டாவது ஆள் அதை வெட்டிய பிறகுதான் மூன்றாவது ஆளால் நுழைய முடிந்தது. இரண்டாவது ஆளைத் திருடன் என்று நாம் யாரும் சொல்வதில்லை. மரபின் மீது பற்றுள்ளவர் என்கிறோம். 'பாட்டி வைத்தியம்', 'முன்னோர் சொன்னது', 'கிராமத்து ரகசியம்' என்று ஆளையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பரப்புகிற பழக்கமே மோசடிக்காரனுக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. பெயர் இல்லாத அறிவை யார் வேண்டுமானாலும் தன் வாயில் போட்டுக்கொள்ளலாம், யார் வாயிலும் போடலாம். கறாராகச் சொன்னால் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. குதிருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுத்து, கீழே 'பாரம்பரியம் காக்கும் கிராமத்துப் பெண்' என்று போட்டுவிடுகிறீர்கள். அவருக்குப் பெயர் இருக்காதா?

இதே சங்கதி பெரிய அளவில் ஏற்கெனவே நடந்து முடிந்ததுதான். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997-இல் அதை நீக்கவைத்தது. அதே 1997-இல் பாசுமதிக்கு ஒரு டெக்சாஸ் கம்பெனி வாங்கியது; அதன் முக்கியமான கோரிக்கைகள் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டன. இந்த அனுபவத்தில்தான் 2001-இல் மரபு அறிவுக்கான மின்னணு நூலகத்தைத் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி, நம் சித்த மருத்துவச் சுவடிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் அது நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தது. என் மாமியார் நூல் எதுவும் எழுதவில்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தில் வாய்மொழியாக இருக்கும் அறிவைக் காட்டியும் காப்புரிமையை எதிர்க்கலாம் என்கிறது. வாய்மொழி அறிவை எப்படிக் காட்டுவது? இன்ன ஊர், இன்ன ஆள், இன்ன தேதி என்று பதிவான ஒரு காணொலி இருந்தால் காட்டலாம். அந்த இளைஞர் எடுத்த முதல் காணொலி அப்படிப்பட்ட சாட்சி. வெட்டி ஒட்டிய இரண்டாவது காணொலி ஒன்றுக்கும் உதவாது. புதிய ஊடகம் எங்கள் அறிவுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அது ஆவணமாக இருக்க முடியும். நம் வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் விதைக்கோட்டை கட்டுகிறவர்களையும் கலவன் பார்க்கத் தெரிந்தவர்களையும் வட்டம் வட்டமாகத் தேடிப்போய்ப் பெயரோடு பதிவு செய்து வைக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர்கள் தங்கள் ரகங்களைக் கட்டணமின்றிப் பதிவு செய்யவும் இடம் இருக்கிறது. எங்கள் ஊரில் இதைச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

குழுக்களில் வருகிற பொய்களை இங்கே விரித்து எழுத இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்கள் வாசகர்களில் அரிசி வாங்குகிறவர்களுக்குப் பயன்படும். கருப்புக் கவுனியை ஊறவைத்தால் தண்ணீரில் சாயம் இறங்குகிறது, ஆகவே அது போலி என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அசல் கவுனியிலும் தண்ணீர் ஊதாவாகத்தான் ஆகும். அது தவிட்டின் இயற்கை நிறம். இதை நம்பி எங்களுக்குப் பார்சலைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இனி எனக்கு அதிகக் கோபம் வரும் விஷயம். எங்கள் குழுவில் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு சீருடைப் படம் அனுப்பி, முகாமுக்குப் பத்து மூட்டை பூங்கார் வேண்டும், பணம் வந்து சேர இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றவனிடம், "பணம் வாங்குவதற்கு எதற்கய்யா பின் நம்பர்?" என்று கேட்டு போனை வைத்தவர் அவர். பிரதமரின் கிசான் நிதித் தவணை வரும் நேரங்களில் அதே பெயரில் குழுவுக்குள் ஒரு செயலிக் கோப்பு வந்து விழும். யாரும் தொடாதீர்கள் என்று முதலில் குரல் பதிவு போடுகிறவரும் அவரே. விழிப்புணர்வு இல்லாதவரா இவர்?

அவருடைய வங்கிக் கணக்கைத்தான் முடக்கினார்கள். வாடிக்கையாளர் ஒருவர் அரிசி வாங்கி யுபிஐ-யில் 2,340 ரூபாய் அனுப்பினார். எங்கோ வட மாநிலத்தில் யாரோ இழந்த பணம் பல கணக்குகள் வழியாகச் சுற்றி, அதில் ஒரு துண்டு இந்த 2,340-இல் வந்து சேர்ந்திருக்கிறதாம். அங்கிருந்து வங்கிக்கு ஒரு மின்னஞ்சல். அண்ணனின் கணக்கு முழுவதும் அடைபட்டது. நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் பணமும், பயிர்க் காப்பீட்டுத் தொகையும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததும் உள்ளே. எந்த வழக்கு, எந்தக் காவல் நிலையம் என்று கேட்டால், வங்கியில் ஓர் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் இந்தியில் பேசுகிறார்கள், நேரில் வா என்கிறார்கள். அரிசி விற்றவன், வாங்குகிறவரின் பணம் எந்த வழியாக வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வான்? சந்தையில் நோட்டு வாங்கும்போது அது யார் பையிலிருந்து வந்தது என்று கேட்கிறோமா?

சொத்தை முடக்கக் காவல்துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு என்கிறார்கள். ஆனால் சந்தேகப்படும் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்காதீர்கள் என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு வங்கிக் கிளைகளுக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகும்? ஒவ்வொரு விவசாயியும் 2,340 ரூபாய்க்காக ரிட் மனு போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அண்ணன் இப்போது ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார். ரொக்கம் என்றால் வெளியூர் விற்பனை இல்லை. கைப்பேசி கொண்டுவந்த சந்தையை, கைப்பேசித் திருடனைப் பிடிக்கப் போனவர்கள் மூடிவிட்டார்கள். திருடன் இன்னும் பிடிபடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். சரியான யோசனை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு அதிகம். அந்த எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும், தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்திலும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காத்துக் கிடக்கிறோமே அந்தக் கொட்டகையிலும் எழுதிப் போட்டால் என்ன? அங்கேதான் நாங்கள் இருக்கிறோம். அதோடு, என்னைப் போன்றவர்களுக்கு வேண்டியது பணம் போன பிறகு அழைக்கும் எண் மட்டுமல்ல. முகம் போனால், பெயர் போனால், செய்யாத தப்புக்குக் கணக்கு முடங்கினால் தமிழில் பேசி, தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒப்புகைச் சீட்டுத் தருகிற ஓர் ஆள் வட்டத் தலைநகரத்திலாவது இருக்க வேண்டும். உழவன் செயலியில் மரபு அரிசி விற்கும் குழுக்களின் பட்டியலை ஊர் பெயரோடும் பொறுப்பாளர் பெயரோடும் போடலாம். என் மாமியாரின் முகத்தைப் பார்த்து வாங்க நினைக்கிற பெண், அது எங்கள் குழுவா இல்லையா என்று அதில் பார்த்துக்கொள்வாளே.

முகத்தைத் திருடிய காணொலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது மூட்டு வலிக்கும் அதே மாவுதான் மருந்தாம்.

அண்ணனின் கணக்கு முடக்கத்தில் இருப்பதால் அவர் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் கடிதத்தில் தவிர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கணக்கு முடக்கம் பற்றி எழுத உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் வங்கிக் கடிதங்கள், துண்டுச் சீட்டு, பார்சல் ரசீது எல்லாவற்றையும் அண்ணன் தேதி வாரியாக வைத்திருக்கிறார். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அவர் சந்தையில் இருப்பார்.

இப்படிக்கு,
மரபு நெல் பயிர் செய்யும் ஒரு பெண்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.